மடியில் ஏறும் கித்தார்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்திலே, பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். கையிலே உதவித்தொகைப் பணம். மனத்திலே மடிக் கித்தார். "அண்ணா, வெளிநாட்டு லாப் ஸ்டீல் ஒன்று பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு இருக்கிறது. வாங்கிவிடட்டுமா?" என்றார். அப்பணம் விடுதிச் சாப்பாட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வந்த பணம் என்பதை நான் அறிவேன். "தம்பி, ஒரு வாரம் பொறு" என்றேன். அந்த ஒரு வாரத்தில் அவரிடம் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்தில் இசையார்வம் மிக்கவர் பலர். பணம் மிக்கவர் சிலரே.

மடிக் கித்தார் என்பது யாது? நம் நாட்டில் ஹவாயன் கித்தார் என்று வழங்குவதும் இதுவே. கித்தாரை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்காமல் மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொள்கிறோம். இடக்கை விரல்கள் கம்பியை மெட்டில் அழுத்துவதில்லை. கனமான எஃகுத் துண்டு ஒன்று கம்பிகளின்மேல் வழுக்கிச் செல்லும், வலக்கை மீட்டும். ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்குக்கு என்பவர், பள்ளிச் சிறுவராக இருந்தபோது, 1889-ஐ ஒட்டி இம்முறையைத் தொடங்கினார் என்பது பெரும்பாலோர் கூறும் வரலாறு. 1940-களில் கல்கத்தாவில் தங்கியிருந்த டாவ் மோ என்ற இசைஞர் அதை அங்குப் பரப்பினார். பிரிஜ்பூஷண் காப்ரா அதில் இராகங்களை வாசித்துக் காட்டினார். 1994-இல் கிராமி விருது பெற்ற விசுவமோகன் பட்டின் மோகன வீணையும், உற்று நோக்கினால், மாற்றியமைத்த கித்தாரேயாகும்.

தமிழர்க்கு இது முற்றிலும் புதியதன்று. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றோர் வாசித்த கோட்டுவாத்தியத்திலும் மெட்டுகள் இல்லை. உருளைக் கட்டை ஒன்றே கம்பிகளின்மேல் ஓடுகிறது. கமகம் முறியாமல் வழுக்கி வரும். குரலுக்கு மிக நெருங்கிய ஒலி. பாறசாலை பொன்னம்மாளையும் நெய்யாற்றின்கரை வாசுதேவனையும் தந்த மண்ணிலிருந்து வரும் மாணவருக்கு அதிலே காது போகாவிட்டால்தான் வியப்பு. ஆனால் 21 கம்பிகளுடைய கோட்டுவாத்தியம் மாணவர் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஆறு கம்பிக் கித்தார் அப்படியன்று.

இனி, விஷயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். சாதாரணக் கித்தார்க்காரர் எதைக் குறை என்று ஒதுக்குகிறாரோ, அதில் பெரும்பகுதி மடிக் கித்தார்க்காரருக்குக் குறையே அன்று. கழுத்து சற்று வளைந்து, கம்பிகள் மெட்டுகளை விட்டு உயரே எழும்பிவிட்டனவா? விரலால் அழுத்தி வாசிப்பவருக்கு அது சித்திரவதை; நமக்கோ கம்பி உயரவே வேண்டும். மெட்டுகள் தேய்ந்தனவா? நாம் அவற்றைத் தொடப்போவதில்லை. நமக்கு அவை இடங்காட்டும் கோடுகள் மட்டுமே. ஆகவே, பிறர் வாசிக்க முடியாமல் மூலையில் வைத்துவிட்ட கித்தாரே நாம் தேடவேண்டிய கித்தார்.

அத்தகைய கித்தார்கள் நம் எல்லைச் சிற்றூர்களில் குறைவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவுக்காக வாங்கி, இரண்டு ஆண்டு வாசித்து, பிள்ளைகள் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனபின் பரண்மேல் ஏறியவை எத்தனையோ! 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தது, உறவு பிரியவில்லை. பாறசாலைக்காரருக்குக் களியக்காவிளைக்கு அப்பாலும் அத்தையும் மாமாவும் உண்டு, பரண்களும் உண்டு. உறவில் கிடைக்காவிட்டால் திருவனந்தபுரம், நாகர்கோவில் என்று இரு திசைக் கடைகளையும் விசாரிக்கலாம். விலை பேசும்போது, "ஐயோ, கழுத்து வளைந்துவிட்டதே!" என்று முகத்தைச் சுளிக்க மறவாதீர்கள். உண்மைதானே சொல்கிறீர்கள்!

ஆயினும் எல்லாக் குறையும் பொறுக்கத்தக்கதன்று. முதலாவது பிருடைகள். ஒவ்வொன்றையும் முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டு, பத்து நிமிடம் கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசுங்கள். பிறகு மீட்டிப் பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால் பிருடை வழுக்குகிறது. இரண்டாவது குதிரை. பலகையில் ஒட்டிய குதிரையாயின், அதன் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு இரு மழைக்காலம் காணும் நம் பக்கத்தில் இது அடிக்கடி நேர்வது. கம்பிகளை அடிப்பாகத்தில் ஒரு தகட்டில் கோத்து, குதிரைமேல் ஏற்றி விட்டிருக்கும் கித்தார் கிடைத்தால், மலிவான உடலுக்கு அதுவே நன்று. இழுவிசையில் குதிரை பெயர்ந்து வராது. மூன்றாவது கழுத்து உடலோடு சேரும் இடம். அங்கே மயிரிழை போல் பிளவு கண்டாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பரண் கித்தாரானால் கரையானையும் பாருங்கள்.

நைலான் கம்பிக் கித்தாரை வாங்கவேண்டா. நைலானின்மேல் எஃகு ஓடினால் நாதம் எழாது. "இரும்புக் கம்பி மாற்றிக்கொள்ளலாமே" என்று யாராவது கூறினால் நம்பாதீர்கள். அதன் பலகை அத்தனை இழுவிசைக்காகச் செய்யப்பட்டதன்று.

கித்தார் வந்தாயிற்று. கழுத்தின் உச்சியில் கம்பிகளை உயர்த்த வேண்டும். இதற்கென்றே பள்ளம் வெட்டிய உலோகத் துண்டு கடைகளில் சில நூறு ரூபாய்க்கு உண்டு. உச்சியிலுள்ள சிறு கட்டையின்மேல் அதைக் கவிழ்த்துவிட்டால் போதும். வேண்டாதபோது எடுத்துவிடலாம். அதுவும் இல்லையெனில், 8 மில்லிமீட்டர் மரையாணி ஒன்றைத் தலையை அறுத்துவிட்டு, அக்கட்டையை ஒட்டி, கம்பிகளுக்கு அடியில் குறுக்கே வையுங்கள். மரையின் பள்ளங்களே கம்பிகளை நகராமல் பிடித்துக்கொள்ளும். கம்பியின் நீளம் சிறிது குறைவதால் மேல்ஸ்தாயி சட்ஜம் 12-ஆம் மெட்டின்மேல் சரியாக நிற்காது. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குதிரைப் பக்கம் தள்ளி நிற்கும். கண்ணை நம்பாமல் காதை நம்பிப் பழக அதுவும் ஒரு நல்வாய்ப்பு.

சுருதியைப் பற்றிச் சொல்லுமுன் என் அறியாமையையும் சொல்லிவிடுகிறேன். அமரவிளையிலுள்ள என் மாமா வீட்டுக் கித்தாரைத்தான் நான் முதலில் மடியில் ஏற்றினேன். ஒரு புத்தகத்தில் கண்டபடி, தடித்த இரு கம்பிகளையும் வழக்கமான சுருதிக்கு மேலே முறுக்கினேன். கிறிஸ்துமஸ் ஒத்திகையின் நடுவே, துப்பாக்கி வெடித்தாற்போல ஓர் ஓசை! ஒட்டியிருந்த குதிரை பெயர்ந்து பாய்ந்தது. மாமி ஒன்றும் சொல்லவில்லை; அதுதான் அதிகம் சுட்டது.

ஆகவே பழைய கித்தாருக்குக் கம்பியை இறக்கிச் சேர்க்கும் சுருதியே தக்கது. வழக்கமான கித்தாரில் தடித்த கம்பி முதல் மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதில் ஏ, டி இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள். இரு ஈ-களையும் டி-க்கும், ஜி-யை அரைச் சுரம் தாழ்த்தி எஃப் ஷார்ப்புக்கும், பி-யை ஏ-க்கும் இறக்குங்கள். ஒரு கம்பியும் ஏறவில்லை. பலகைக்கு இழுவிசை குறைகிறது. நம் முறையில் சொன்னால் இரண்டு கட்டைச் சுருதியில் ச, ப, ச, க, ப, ச. இதிலுள்ள காந்தாரம் அந்தர காந்தாரம். மோகனம் வாசிக்க இன்பமாக இருக்கும். கரகரப்பிரியா வாசிக்க விரும்பினால் அந்த ஒரு கம்பியை மேலும் அரைச் சுரம் இறக்கிவிட்டால் சாதாரண காந்தாரம் கிடைக்கும்.

மிச்சம் பிடித்த பணத்தை எங்கே செலவிடுவது? புதிய கம்பிகளிலும் எஃகுத் துண்டிலும். துருப்பிடித்த கம்பியின்மேல் துண்டை ஓட்டினால் அரம் போடும் ஓசைதான் வரும். துண்டு திண்மையானதாக இருக்கவேண்டும். விரலில் மாட்டும் கண்ணாடிக் குழாய் இதற்கு உதவாது. முக்கால் அங்குல விட்டமும் மூன்று அங்குல நீளமும் உள்ள துருப்பிடிக்காத எஃகு ஏறத்தாழ 170 கிராம் இருக்கும். இந்தக் கனத்தில்தான் கம்பி அதிராமல் பாடுகிறது. நெய்யாற்றின்கரையிலோ மார்த்தாண்டத்திலோ லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். ஒரு முனையை உருண்டையாக்கி, கண்ணாடிபோல் மெருகிடச் சொல்லவேண்டும். பட்டறைக்காரர் அவசரத்தில் இருந்தால் அந்த மெருகு வராது. ஆதலால் முடிந்தால் கடையில் வாங்குவதையே நான் விரும்புவேன்.

மின்சாரக் கித்தாரைக் கேட்பவர்கள் உண்டு. மின்சாரக் கித்தார்களில் முதன்முதல் வணிகத்தில் வென்றது 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் மடிக் கித்தாரே என்பதால் அந்த ஆசைக்கு வரலாற்று நியாயமும் உண்டு. ஆனால் ஒலிபெருக்கிக்கு வேறு பணம் வேண்டும். விடுதிக் காப்பாளரின் அனுமதியும் வேண்டும்.

அந்த முதலாண்டு மாணவர் என்ன செய்தார்? ஓண விடுமுறையில் களியக்காவிளையிலுள்ள அத்தை வீட்டிலிருந்து ஒரு கித்தாரைக் கொண்டுவந்தார். மூன்று கம்பி இல்லை. உள்ளே ஒரு பல்லி முட்டை. கழுத்து வில்லாக வளைந்திருந்தது. பிருடைகள் மட்டும் உறுதி. கம்பி, துண்டு, உச்சிக் கட்டை எல்லாவற்றுக்கும் ஆயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. தேர்வுக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. இப்போது இரவு ஒன்பது மணிக்கு அவர் அறையிலிருந்து மோகனம் வருகிறது. காந்தாரம் இன்னும் சற்று ஏறித்தான் நிற்கிறது. அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டுகிறார்.