தரை ஓடு வாங்குமுன் கணக்கிடுக

மரக்காணம் உப்பளக் கரையோரச் சிற்றூர்களில் இன்று வீடு கட்டுவோர் பலரும் டைல்ஸ் எனப்படும் தரை ஓடுகளையே விரும்புகின்றனர். கணக்கின்றி வாங்கினால், மிகுந்தாலும் நட்டம், குறைந்தாலும் நட்டம். ஒரே வண்ண ஓடும் சூளைத் தொகுதிக்குத் தொகுதி சற்று நிறம் மாறுமாதலின், பின்னர் வாங்குவது முன்னதோடு பொருந்தாது.

12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையின் பரப்பு 120 சதுர அடி. ‘இரண்டடி ஓடு’ என விற்கப்படுவது பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் சதுரமே. அதன் பரப்பு ஏறத்தாழ 3.88 சதுர அடி. ஆகவே 31 ஓடுகள் வேண்டும். வெட்டுக்கும் உடைப்புக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 35. பெட்டிக்கு 4 ஓடுகள் எனில் 9 பெட்டிகள் வாங்குக. எஞ்சியதைப் பிற்காலப் பழுதுக்கு வைத்துக்கொள்க.

அடுத்து, ஓடுகளின் இடைவெளியை நிரப்பும் கிரவுட். ஓட்டின் கனம் 9 மில்லிமீட்டர், இடைவெளி 3 மில்லிமீட்டர் எனில், சிமெண்டுக் கிரவுட் சுமார் 1.6 கிலோ ஆகும். 2 கிலோ போதும். அதே கனமுள்ள ஓரடி ஓடாயின், இடைவெளிகளின் மொத்த நீளம் இரு மடங்காதலின் கிரவுட்டும் இரு மடங்காகும்.

இக்கரையோரத்தார் மறக்கலாகாதது ஒன்று உண்டு. உவர்நீரில் சாந்து குழைத்தால், உலர்ந்தபின் உப்பு வெண்மையாகப் பூத்துக் கிரவுட்டை உதிரச் செய்யும். நன்னீரும் உப்பற்ற மணலுமே வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனைத் தத்தம் ஊராருக்கு எடுத்துரைப்பாராக.