சோற்றில் குறைவதைப் பருப்பு நிறைவு செய்கிறது

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியிருந்தது. அதாவது, ஒரே வருடத்தில் உணவுப் பொருட்களின் விலை ஏறக்குறைய இரு மடங்காகியது. அக்காலத்தில் பல குடும்பங்கள் மேற்கொண்ட சிக்கனம் ஏறத்தாழ ஒரே விதமானதாகவே இருந்தது. சோற்றின் அளவு அதிகம் குறையவில்லை. சோற்றுடன் உண்ணப்பட்டவையே குறைந்தன. முதலில் இறைச்சியும் மீனும், அடுத்து முட்டையும் பால்மாவும், இறுதியில் பருப்பும் கைவிடப்பட்டன. பணவீக்கம் பின்னர் தணிந்த போதிலும் விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எனவே, வெறும் சோறும் சம்பலும், அல்லது பாணும் தேநீரும் பல வீடுகளில் ஒரு வேளை உணவாகவே நிலைத்துவிட்டன.

வயிறு நிறைந்துவிட்டதே, இனி என்ன குறை என்று சிலர் கேட்கக்கூடும். குறை உண்டு. அக்குறைக்கு லைசின் என்று பெயர்.

நாம் உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைக்கப்பட்டு, பின்னர் உடலுக்குத் தேவையான புரதங்களாக மீண்டும் கட்டியெழுப்பப்படுகின்றது. இதற்குப் பயன்படும் அமினோ அமிலங்கள் இருபது. அவற்றுள் ஒன்பதை உடலால் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். லைசின் அந்த ஒன்பதில் ஒன்றாகும்.

ஈய எழுத்துக்களைக் கொண்டு பத்திரிகைகள் அச்சிடப்பட்ட காலத்தை நினைவுகூருபவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. அச்சுக்கோப்பவரின் தட்டில் ஏனைய எழுத்துக்கள் யாவும் குவிந்து கிடந்தாலும், ‘க’ என்ற ஓர் எழுத்துத் தீர்ந்துவிட்டால் பக்கம் அத்துடன் நின்றுவிடும். உடலின் நிலையும் அதுவே. ஓர் அமினோ அமிலம் குறைந்தால், எஞ்சியவை எவ்வளவு இருந்தாலும் புரதத்தைக் கட்டியெழுப்பும் பணி அக்குறைந்த அளவுடன் மட்டுப்படுத்தப்படுகின்றது. மிஞ்சியவை எரிபொருளாகச் செலவாகிவிடுகின்றன. அரிசி, கோதுமை, சோளம் ஆகிய மூன்று பெரும் தானியங்களிலும் இவ்வாறு முதலில் தீர்ந்துபோகும் எழுத்து லைசினேயாகும்.

1889ஆம் ஆண்டில் ஜேர்மனிய இரசாயனவியலாளரான டிரெக்சல் என்பவர் பாற்புரதத்திலிருந்து லைசினை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அதன் முக்கியத்துவம் 1914ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் ஒஸ்போர்ன், மெண்டல் ஆகிய இரு விஞ்ஞானிகள் நடத்திய ஆய்வுகளின் மூலம் தெளிவாகியது. கோதுமையிலிருந்து பெறப்பட்ட கிளையடின் என்ற புரதத்தை மாத்திரம் புரத உணவாகப் பெற்ற இளம் எலிகள் இறக்கவில்லை. ஆனால் வளரவும் இல்லை. அதே உணவுடன் லைசின் சேர்க்கப்பட்டதும் அவை வளரத் தொடங்கின. உயிர் வாழ்வதற்குப் போதுமான உணவு வளர்வதற்குப் போதாமற் போகலாம் என்ற உண்மையை இவ்வாய்வு உலகுக்கு உணர்த்தியது.

தசைகளின் வளர்ச்சிக்கு மாத்திரமன்றி, எலும்பு, தோல், இரத்தக் குழாய்கள் ஆகியவற்றுக்கு உறுதியளிக்கும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதற்கும் லைசின் இன்றியமையாதது. கொழுப்பைச் சக்தியாக மாற்றுவதற்கு உதவும் கார்னிட்டின் என்ற பொருளும் லைசினிலிருந்தே உருவாகின்றது. நோயெதிர்ப்புப் புரதங்களின் உற்பத்திக்கும் அது தேவை. ஆகவே, இக்குறைபாட்டினால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் வளரும் குழந்தைகளும் கர்ப்பிணித் தாய்மாருமே.

உலக சுகாதார ஸ்தாபனமும் ஏனைய ஐ.நா. அமைப்புகளும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் லைசின் தேவை. மூன்று முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு இது 35 மில்லிகிராம். இக்கணக்கின்படி 20 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு 700 மில்லிகிராம் வேண்டும். நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் இருப்பதோ சுமார் 100 மில்லிகிராம் மாத்திரமே. அப்படியானால், அப்பிள்ளை தன் தேவையைச் சோற்றினால் மாத்திரம் ஈடுசெய்ய ஏறக்குறைய 700 கிராம் சோறு உண்ண வேண்டும். சிறு வயிறு அதற்கு இடங்கொடாது. மாறாக, 50 கிராம் பருப்பைச் சமைத்து உண்டால் சுமார் 800 மில்லிகிராம் கிடைக்கின்றது. ஒரு முட்டையில் 450 மில்லிகிராம் அளவிலும், 50 கிராம் மீனில் 900 மில்லிகிராம் அளவிலும் லைசின் உண்டு. கோதுமை மாவின் புரதத்தில் லைசின் அரிசியிலும் பார்க்கக் குறைவு. எனவே, பாணை மாத்திரம் நம்பியிருப்பது மேலும் பாதகமானதாகும்.

பருப்பு வகைகளுக்கும் ஒரு குறை உண்டு. அவற்றில் மெதியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம் போதாது. அது அரிசியில் தாராளமாக உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிறைவு செய்கின்றது. அரிசியும் பயறும் சேர்ந்த பொங்கலும், இறைச்சி சேர்த்துக் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியும், பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் உளுத்தங்களியும் லைசின் என்ற பெயர் அறியப்படாத காலத்திலேயே நமது சமூகங்களில் நிலைபெற்றுவிட்ட உணவுகளாகும். இவ்விரு வகையும் ஒரே வேளையில்தான் உண்ணப்பட வேண்டும் என்பதில்லை. ஒரே நாளுக்குள் இரண்டும் கிடைத்தால் போதுமானது.

நமது நாட்டில் 1973ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோஷாவும் இதே அடிப்படையில் அமைந்ததே. லைசின் குறைந்த சோளத்துடன், லைசின் நிறைந்த சோயா அவரை சேர்க்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் போது மூலப்பொருள் தட்டுப்பாட்டினால் இதன் உற்பத்தி பாதிக்கப்பட்டமை, வீட்டிலும் உணவு சுருங்கியிருந்த வேளையில் ஏற்பட்ட இரட்டை இழப்பாகும். அதனை மீண்டும் நேரவிடக் கூடாது.

சமைக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். அவிப்பதால் லைசின் பெரிதும் அழிவதில்லை. ஆனால், அதிக வெப்பத்தில் வாட்டும்போதும் சுடும்போதும் அது சீனி வகைகளுடன் வினைபுரிந்து உடலுக்குப் பயன்படாத நிலையை அடைகின்றது. பாணின் மேற்பகுதிக்கு நிறமும் மணமும் தருவது இவ்வினையே. ஏற்கெனவே லைசின் குறைந்த தானியத்தை மென்மேலும் வாட்டி, பிஸ்கட்டாக்கி, அதையே பிள்ளையின் காலை உணவாக்குவது விரும்பத்தக்கதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். லைசின் வில்லைகள் மருந்தகங்களில் விற்பனையாகின்றன. உதட்டில் தோன்றும் ஹேர்பிஸ் கொப்புளங்களை அவை தடுக்கும் எனக் கூறப்பட்ட போதிலும், அதற்கான ஆய்வுச் சான்றுகள் உறுதியானவையல்ல. கலவையான உணவு உண்பவருக்கு இவ்வில்லைகள் தேவையில்லை. சிறுநீரக நோயாளர்கள் புரதத்தைக் கூட்டுவதாயினும் குறைப்பதாயினும் வைத்தியரின் ஆலோசனையின்றிச் செய்யலாகாது. வட மத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் பரவலாக உள்ள நிலையில் இதனை வலியுறுத்திக் கூற வேண்டியுள்ளது.

பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுவதற்கு லைசின் குறைபாடு மாத்திரமே காரணமன்று. போதிய கலோரி இன்மை, அடிக்கடி ஏற்படும் வயிற்றோட்டம், இரும்புச்சத்துக் குறைபாடு எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும், ஒரு கைப்பிடி பருப்பினால் தீர்க்கக்கூடிய குறையைத் தீர்க்காமல் விடுவதற்கு நியாயமில்லை. நாம் அதிகம் உண்ணும் மைசூர்ப் பருப்பு இறக்குமதிப் பொருள். டொலரின் பெறுமதி உயர்ந்தால் அதன் விலையும் உயரும். பயறு, உளுந்து, கௌபி ஆகியன நமது வரண்ட பிரதேச மண்ணிலேயே விளைபவை. இவற்றின் செய்கைக்கு ஊக்கமளிப்பதும், பாடசாலை உணவுத் திட்டத்தில் இவற்றுக்கு இடமளிப்பதும், பருப்பும் முட்டையும் ஏழைக்கு எட்டாத விலையை அடையாமற் பார்த்துக்கொள்வதும் அரசின் கடமையாகும்.

வீட்டில் சிக்கனம் தவிர்க்க முடியாததாகும் போது, பிள்ளையின் தட்டிலிருந்து இறுதியாக எடுக்கப்பட வேண்டியது பருப்பே என்பதைப் பெற்றோர் மனதிற்கொள்வது நல்லது. வாழ்நாளின் முதலிரு வருடங்களில் இழக்கப்பட்ட வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்வது மிகக் கடினம்.