சிறிய மாதிரிகளில் மர ரேகை: அசல் மரமே ஏன் போலியாகத் தெரிகிறது?

கப்பல், வீடு, பழைய விமானம் என்பவற்றைச் சிறிதாக்கிச் செய்யும் மாதிரிகள் அன்பளிப்பாகவும், சேகரிப்போரின் அலுமாரிக்காகவும் நல்ல விலைக்குப் போகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு மரம் மரமாகத் தெரிகிறதா என்பதே இவற்றின் விலையைக் கூட்டுகிறது, குறைக்கிறது. "அதற்கென்ன, அசல் மரத்திலேயே செய்துவிடலாமே" என்று நம்மில் பலர் நினைப்போம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 48இல் ஒரு பங்காகச் சிறிதாக்கும்போது 20 சென்ரிமீற்றர் அகலப் பலகை 4 மில்லிமீற்றராகிவிடும். அப்பலகையில் 3 மில்லிமீற்றர் இடைவெளியில் ஓடிய ரேகைகள், மாதிரியில் ஒரு தலைமயிரின் தடிப்பளவு இடைவெளியில்தான் இருக்க வேண்டும். ஆனால் தேக்கின் ரேகை நாம் பலகையைச் சிறிதாக வெட்டியதற்காகச் சிறுத்துவிடாது. தேக்கில் செய்த சின்னக் கப்பலின் பலகைகள், ஒரு ராட்சத மரத்தில் வெட்டியவை போலத் தோன்றுவது இதனால்தான்.

இதைப் பழைய கைவினைஞர்கள் நன்கு விளங்கியிருந்தனர். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானியக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட கப்பல் மாதிரிகள் பல இதே 48இல் ஒரு பங்கு அளவிலானவை. அசல் கப்பல்கள் ஓக் மரத்தில் கட்டப்பட்டன. மாதிரிகளுக்கோ ரேகை மிக நுணுக்கமான பேரி, பொக்ஸ் போன்ற மரங்களையே பெரும்பாலும் எடுத்தார்கள்.

பிளாஸ்டிக், ரெசின் மாதிரிகளில் ரேகையை வர்ணத்தால் வரவழைக்கிறார்கள். முதலில் பலகையின் நீளவாக்கில் மட்டும் அரத்தாளால் மெதுவாகக் கீறுவார்கள். பின்னர் மணல் நிறத்தில் அக்ரிலிக் வர்ணம் பூசி நன்கு காயவிடுவார்கள். அதன்மேல் ஓவியர்கள் பாவிக்கும் கபில நிற எண்ணெய் வர்ணத்தைச் சிறிதாகத் தொட்டு வைத்து, விறைப்பான தட்டைத் தூரிகையால் ஒரே பக்கமாக இழுப்பார்கள். தூரிகையின் மயிர்கள் விட்டுச்செல்லும் கோடுகளே ரேகையாகின்றன. எண்ணெய் வர்ணத்துக்குரிய வைட் ஸ்பிரிட், காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது. எனவே சரிவராவிட்டால் துடைத்துவிட்டு மீண்டும் இழுக்கலாம். எண்ணெய் வர்ணம் காய நாட்கள் எடுக்கும். அதன்பின் மெல்லிய வார்னிஷ் ஒரு தடவை பூசினால் வேலை முடிந்தது.

கொள்வனவு செய்பவர்கள் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ரேகை ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குத் தாண்டி ஓடக் கூடாது. இரண்டு, எல்லாப் பலகையும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது. நல்ல வேலையாள் சில பலகைகளை ரேப் ஒட்டி மறைத்து, மற்றவற்றின் நிறத்தைச் சற்று மாற்றுவார். மூன்று, வெயிலிலும் மழையிலும் கிடந்த பழைய தளம் என்றால் நிறம் சாம்பலாக இருக்க வேண்டும். வர்ணம் பூசாத மரம் வெளியில் கிடந்தால் கபில நிறத்தை இழந்துவிடும்.

விலை போடும்போதும் நிதானம் தேவை. ஒரு மாதிரிக்குச் செல்லும் வர்ணம் மிகக் கொஞ்சம். செலவாவது கை வேலையும் காயும் நாட்களும்தான். மூலப்பொருளை மட்டும் பார்த்து ஓடர் எடுப்பவர் கூலியில் நட்டப்படுவார். தவணையைக் குறுக்கிப் பேசுபவர், காயாத சரக்கைப் பொதிசெய்து அனுப்பி அதைத் திரும்பப் பெறுவார். எனவே முதலில் ஒரு சிறு துண்டில் மாதிரி செய்து காட்டி, வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே ஓடரை ஏற்பது நல்லது.

கடைசியாக ஒன்று. ரெசினில் வார்த்து மர ரேகை போட்டதை "மரத்தில் செய்தது" என்று சொல்லி விற்கக் கூடாது. "மரம் போல வர்ணமிட்டது" என்று எழுதி வைத்தால் அந்த வேலைப்பாட்டுக்கே உரிய விலை கிடைக்கும். மறைத்து விற்றால், பொருளைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்த மாத்திரத்தில் வாங்கியவருக்கு விளங்கிவிடும். அதற்குப் பிறகு அவர் நம் கடைப்பக்கம் வரமாட்டார்.