மணி பிளான்ட் பணம் தருமா?

உங்கள் வீட்டில் அந்தக் கொடி இருக்கிறதா? இல்லாவிட்டால் அடுத்த வீட்டிலாவது நிச்சயம் இருக்கும். காலி ஹார்லிக்ஸ் புட்டியிலோ, சின்னத் தொட்டியிலோ, பச்சையும் மஞ்சளும் கலந்த இலைகளுடன் ஜன்னல் கம்பியைத் தழுவிக்கொண்டு நிற்கும். ஆம், மணி பிளான்ட்தான்!

“இதை வைத்தால் பணம் கொட்டும்” என்பார்கள் சிலர். “விலைக்கு வாங்கினால் பலிக்காது, யாருக்கும் தெரியாமல் கிள்ளி வந்து வைக்க வேண்டும்” என்பார்கள் வேறு சிலர். “கொடி கீழே தொங்கினால் செல்வமும் இறங்கிவிடும், மேலேதான் ஏற்றிவிட வேண்டும்” என்று எச்சரிப்பவர்களும் உண்டு. பணத்துக்கு நாம் உத்தரவாதம் தருவதற்கில்லை. ஆனால் அந்தக் கடைசி யோசனை இருக்கிறதே, அதைத் தாவர சாஸ்திரமும் ஆமோதிக்கிறது!

பூக்காத கொடி

பசிபிக் மகா சமுத்திரத்தில், தாஹித்திக்குப் பக்கத்தில் மூரியா என்று ஒரு குட்டித் தீவு. அதுதான் இந்தக் கொடியின் பிறந்தகம். 1880-ல் தாவர சாஸ்திரிகள் இதற்குப் பெயர் சூட்டினார்கள். பிறகு பல தடவை மாற்றினார்கள். இனம் கண்டுபிடிக்கப் பூவைப் பார்க்க வேண்டும். இதுவோ பூப்பதே அபூர்வம்! கடைசியாகத் தானே பூத்ததாகத் தெரிவது 1964-ல். பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை இதனால் சரிவரத் தயாரிக்க முடியவில்லை என்பதை 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அந்த ஹார்மோனைத் தெளித்தபோது பூத்தது! அப்படியானால் விதையில்லாமல் உலகமெங்கும் எப்படிப் பரவியது? மனிதர்கள் கிள்ளிக் கிள்ளி நட்டதால்தான்.

ஏறினால்தான் பெருமை

ஜன்னலில் உள்ளங்கை அகலத்துக்கு இலை விடும் இதே கொடி, தோட்டத்தில் ஒரு தென்னை மரத்தைப் பற்றி ஏறட்டும், பாருங்கள். தண்டு தடிக்கும், இலைகள் முறம் போல் விரிந்து, ஓரங்கள் கிழிந்து தொங்கும். 20 மீட்டர் உயரம்கூடப் போகும். இலை ஒரு மீட்டர் நீளம் வரை வளர்வதுண்டு. கீழே தொங்கவிட்டாலோ இலைகள் சிறுத்துக்கொண்டே போகும்.

ஆகவே தொட்டியின் நடுவில் தென்னை நார் சுற்றிய ஒரு கம்பை நட்டுவிடுங்கள். கொடியை அதில் தளர்த்தியாகக் கட்டி, நாரை அவ்வப்போது தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள். கணுவிலிருந்து புறப்படும் வேர்கள் நாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

நடும் விதம்

வெறும் இலையைத் தண்ணீரில் போட்டால் வேர் விட்டாலும் கொடி வராது. ஒரு கணுவாவது உள்ள தண்டாக நறுக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து, கீழே துளையுள்ள தொட்டியில் நடுங்கள். மேல்மண் உலர்ந்த பிறகே தண்ணீர். தினமும் ஊற்றினால் வேர் அழுகி இலை பழுக்கும். உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். இருட்டு மூலையிலோ மஞ்சள் கோடுகள் மறைந்து வெறும் பச்சையாகிவிடும். வெளிச்சமான ஜன்னலோரமே சிலாக்கியம்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாட்களே போதும். புட்டியில் வளர்ப்பவர்கள் வாரம் தவறாமல் தண்ணீரை மாற்ற வேண்டும். முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தேய்த்துக் கழுவுவது அவசியம். இல்லாவிட்டால் அழகுக்கு வைத்த புட்டியே குழந்தையின் காய்ச்சலுக்குக் காரணமாகிவிடும்.

இரண்டாவது, இலை. சேனைக்கிழங்கு நாக்கை அரிக்கிறதல்லவா? இதுவும் அந்தக் குடும்பம்தான். ஊசி ஊசியான கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இலையிலும் தண்டிலும் நிறைந்திருக்கின்றன. குழந்தை கடித்தால் வாய் எரிந்து உதடு வீங்கும். உடனே வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள். பூனை, நாய்க்கும் ஆகாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கொடிக்கு உயரமான இடமே உசிதம்.

இன்னும் கொடி இல்லாதவர்கள், அடுத்த வீட்டு மாமியிடம் கேட்டே ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணு இருந்தால் வளரும்; களவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!