கேம்பருக்கு இரண்டாவது சிலிண்டர் தேவையா?

அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் செப்டம்பர் கடைசியில் முகாம் போடுகிறவர்கள் பகலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரியலாம். விடியற்காலையில் வெளியே வைத்த வாளித் தண்ணீர் மேலே ஆடை கட்டியதுபோல் உறைந்து கிடக்கும். ஹீட்டரும் அந்த நேரம் பார்த்துத்தான் நிற்கும். போர்வையை உதறிவிட்டு, டார்ச்சோடு வெளியே போய் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தவர்கள், ஊர் திரும்பியதும் விசாரிக்கிற முதல் விஷயம்: வண்டியில் இன்னொரு சிலிண்டர் மாட்ட முடியுமா?

அந்த வண்டிக்குப் பெயர் பாப்-அப் கேம்பர். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும்போது தட்டையான ஒரு பெட்டி; முகாமில் கைப்பிடியைச் சுழற்றினால் கூரை எழும்பும், முன்னும் பின்னும் கட்டில்கள் நீளும். சுவருக்குப் பதில் கேன்வாஸ் துணி. துணி எவ்வளவு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்? அதனால்தான் ஹீட்டர் ஓயாமல் ஓட வேண்டியிருக்கிறது. அதற்கும் அடுப்புக்கும் சேர்த்து, முன்பக்க இழுவைச் சட்டத்தின் மேல் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ புரொப்பேன் கொள்ளும் ஒரே ஒரு சிலிண்டர்.

நம் வீடுகளில் டபுள் சிலிண்டர் இணைப்பு வாங்குவதும் பாதிச் சமையலில் அடுப்பு அணைந்துவிடக் கூடாது என்றுதான். ஆனால் நம் சமையலறையில் 30 டிகிரி வெப்பம் பெரும்பாலும் இருக்கிறது. மலையில் அது கிடையாது. கதையே அங்கேதான் மாறுகிறது.

சிலிண்டருக்குள் இருப்பதில் பெரும்பகுதி திரவம். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். அதைவிடச் சூடான எந்த இடத்திலும் அது கொதிக்கத் துடித்துக்கொண்டிருக்கும். இரும்பு உறைதான் அடக்கி வைத்திருக்கிறது. 1910-ல் பெட்ரோல் ஆவியாகி வீணாகிறது என்ற புகாரை ஆராயப்போன வால்ட்டர் ஸ்னெல்லிங் என்ற அமெரிக்க வேதியியலாளர், பறந்துபோகும் ஆவிகளில் ஒன்றாகப் புரொப்பேனைப் பிரித்தெடுத்தார். நம் ஊர் சமையல் எரிவாயுவில் பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேன் கொதிப்பதே பூஜ்ஜியத்தை ஒட்டி என்பதால், உறைபனி இரவில் அது சிலிண்டருக்குள்ளேயே சோம்பிக் கிடக்கும். அமெரிக்க முகாம்களுக்குப் புரொப்பேன் பொருந்துவது இதனால்தான்.

வால்வைத் திறந்ததும் மேலே உள்ள ஆவி வெளியேறுகிறது; அழுத்தம் குறைகிறது; அதை ஈடுகட்டத் திரவம் கொஞ்சம் கொதிக்கிறது. கொதிக்க வெப்பம் வேண்டுமே? திரவம் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு குளிர்கிறது. பிறகு இரும்பு உறை வழியாக வெளிக்காற்றிடம் வாங்குகிறது. பாப்-அப் கேம்பரின் ஹீட்டர் வழக்கமாக மணிக்கு 16,000 பி.டி.யு. திறன் கொண்டது, கிட்டத்தட்ட 4.7 கிலோவாட். அது முழு மூச்சில் எரிந்தால் மணிக்குச் சுமார் 340 கிராம் புரொப்பேன் செலவாகும். அவ்வளவையும் ஆவியாக்க ஏறக்குறைய 35 வாட் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். நிறைந்த சிலிண்டரில் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்புப் பரப்பு அதிகம், வெப்பம் எளிதில் நுழையும். அடியில் கொஞ்சமே மிச்சமிருந்தால் பரப்பும் சுருங்கிவிடும். திரவ மட்டம் வரை வெளிப்புறத்தில் வெண்பனி படியும். கடுங்குளிரில் இன்னும் கேஸ் இருக்கும்போதே தீ தணிவது இதனால்தான்.

திரவம் கொதித்து அழுத்தத்தை ஈடுகட்டிக்கொண்டே இருப்பதால், சிலிண்டர் மேல் பொருத்தச் சொல்லி விற்கும் அழுத்தமானியை நம்பிப் பயனில்லை. 20 டிகிரியில் புரொப்பேனின் ஆவியழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் எட்டு மடங்கு. பூஜ்ஜியத்தில் ஐந்துக்கும் குறைவு. உள்ளே எட்டு கிலோ இருந்தாலும் அரை கிலோ இருந்தாலும் அதே அழுத்தம்தான். முள் காட்டுவது வானிலையை. கேஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால், கழுத்தில் பொறித்திருக்கும் வெறும் சிலிண்டரின் எடையைப் பார்த்துவிட்டு, தராசில் தூக்கி வைப்பதே நம்பகமான வழி.

சரி, இரண்டாவதை மாட்டினால்? இரண்டையும் ஒரு டி-இணைப்பில் கோத்து ஒன்றாகத் திறந்து வைக்கலாம். பரப்பு இரட்டிப்பாகும், ஆனால் இரண்டும் ஒன்றாகவே தீர்ந்துபோகும். பெரும்பாலோர் மாட்டுவது தானாக மாறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் சேஞ்ச்ஓவர் ரெகுலேட்டர். அதன் நெம்புகோல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தச் சிலிண்டருக்கு முதல் உரிமை. உள்ளே இரு பக்கத்துக்கும் தனித்தனி வில். நெம்புகோல் அழுத்திய பக்கம் சற்று அதிக அழுத்தம் தருவதால் மறுபக்கம் மூடியே இருக்கும். முதல் சிலிண்டர் தளர்ந்தால் மறுபக்கம் தானே திறந்துகொள்ளும், ரெகுலேட்டரின் மேலுள்ள பச்சை அடையாளக் கண் சிவப்பாகும், தூங்குகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ரெகுலேட்டரின் அடுத்த கட்டம் அழுத்தத்தை 28 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு இறக்கி ஹீட்டருக்கு அனுப்பும். வசதிதான். சிவப்பைக் கவனிக்காமல் நாள் கணக்கில் விட்டுவிட்டு இரண்டையும் காலியாக்குகிற புத்திசாலிகளும் உண்டு.

பொருத்தும் இடத்தில் கை வைக்கும்போது சில நுணுக்கங்கள். குழாய்ப் புரிகளுக்கு கேஸுக்கென்றே வரும் மஞ்சள் டேப்பைச் சுற்ற வேண்டும். குழலின் வாய் விரிந்து உலோகத்தோடு உலோகம் அமரும் ஃப்ளேர் இணைப்புகளுக்கு டேப்பே கூடாது. சுற்றினால் அதுவே கசிவுக்கு வழி. வால்வை மெல்லத் திறக்க வேண்டும், சட்டென்று திறந்தால் உள்ளிருக்கும் பாதுகாப்பு அடைப்பான் கசிவு என்று எண்ணிப் பாதையைச் சுருக்கிவிடும். பிறகு ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழும். முன்கட்டில் நீள்வதோ பல வண்டிகளில் சிலிண்டர் நிற்கும் இழுவைச் சட்டத்துக்கு மேல்தான்.

எடையையும் மறக்க முடியாது. நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 17 கிலோ. இழுவைக் கொக்கியை ஒட்டியே அமர்வதால் அந்தச் சுமையில் பெரும்பகுதி காரின் பின்புறத்தில் இறங்கும். சிறிய கார்களில் மாட்டும் கொக்கிகளில் பல, 200 பவுண்டு, அதாவது 91 கிலோவுக்கு மேல் தாங்கக் கூடாதவை. வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருப்பது நல்லது என்பது பொது விதி. 900 கிலோ வண்டி ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 9 கிலோ புரொப்பேனில் அந்த ஹீட்டர் நிற்காமல் 27 மணி நேரம் எரியும். ஆனால் வெப்பக் காற்றை உள்ளே தள்ளும் விசிறிக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 3 ஆம்பியர் வேண்டும். 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் கெடாமல் பயன்படுத்தலாம்; அது 13 மணி நேரத்துக்கு வரும், குளிரில் இன்னும் குறையும். மின் இணைப்பில்லாத முகாமில் நள்ளிரவில் ஹீட்டர் நின்றால், பல நேரம் குற்றவாளி பேட்டரிதான், சிலிண்டர் அல்ல.

கோடையில் மட்டும் முகாமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சிலிண்டரும் ஒரு தராசும் போதும். உறைபனி இரவுகளில் மின் இணைப்புள்ள முகாமில் தொடர்ந்து தங்குகிறவர்களுக்கு இரண்டாவது கட்டாயம் உதவும். மின்சாரம் இல்லாத காட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் பணத்தை முதலில் பேட்டரியில் போடட்டும். எதுவானாலும், இரண்டாவது சிலிண்டருக்காக இழுவைச் சட்டத்தில் துளை போடுவதற்கு முன் கொக்கியில் இறங்கும் எடையை அளந்து பாருங்கள்.