ஓடிய நேரமும் வென்ற நேரமும்

நெடுங்கடல் பாய்மரப் பந்தயங்களில் முடிவுக் கோட்டை முதலில் கடக்கும் படகுக்கே தலைமைக் கோப்பை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 1945 முதல் நடந்துவரும் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில், 628 கடல் மைல் தொலைவை முதலில் ஓடி முடிக்கும் படகுக்குத் தனிப் பெருமை உண்டு என்றாலும், பந்தயத்தின் உயரிய பரிசான டாட்டர்சால் கோப்பை, ஒவ்வொரு படகின் நேரத்தையும் அதன் இயல்புக்கேற்பத் திருத்திக் கணக்கிட்ட பிறகே யாருக்கு என்று முடிவாகிறது. முதல் ஆண்டுப் பந்தயத்தில் 'ராணி' என்னும் சிறு படகு இரண்டு பெருமைகளையும் ஒருங்கே பெற்றது. ஆனால் அது அரிதாக நிகழ்வது.

இந்தத் திருத்தம் ஏன் தேவைப்படுகிறது என்பதை நீரின் இயல்பிலிருந்து தொடங்கி விளங்கிக்கொள்ளலாம். நீரைப் பிளந்து செல்லும் கனமான படகு தனக்கு முன்னும் பின்னும் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அவ்வலையின் நீளமும் கூடி, படகின் நீளத்தை எட்டியதும், படகு தானே எழுப்பிய அலையின் மீது ஏற முயல்வது போன்ற நிலை உண்டாவதால், அதற்குமேல் காற்று எவ்வளவு வீசினாலும் வேகம் எளிதில் ஏறுவதில்லை. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் இந்த எல்லை வேகம் ஏறக்குறைய நாட் அளவில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 25 அடிப் படகுக்கு இது 6.7 நாட், 64 அடிப் படகுக்கு 10.7 நாட். நீரின் மேல் சறுக்கிச் செல்லும் இலகுவான புதுவகைப் படகுகள் இவ்வெல்லையை மீறிவிடுகின்றன. 100 அடி நீளமுள்ள 'கோமான்ச்சி' 2017இல் ஹோபார்ட்டை 33 மணி 15 நிமிடத்தில் எட்டியது. அதே கடலில் சிறு படகுகள் மூன்று நாள், நான்கு நாள் அலைகளோடு போராடுகின்றன. இவற்றை ஒரே தட்டில் வைத்து யார் திறமையாகப் படகோட்டினார் என்று நேரத்தை மட்டும் பார்த்துச் சொல்வது நியாயமாகாது.

கடலிலிருந்து நெடுந்தொலைவில், ஆரணிப் பட்டு நெசவின் ஊர்களுள் ஒன்றான கண்ணமங்கலத்தில் இருக்கும் வாசகருக்கு இந்த வாதம் புதிதாக இராது. சாதாரணக் கரை வைத்த சேலையையும், உடலெங்கும் புட்டா விழ, கோர்வைக் கரையில் ஜரிகை ஓடும் சேலையையும் நெய்த இருவரை, எத்தனை நாளில் தறியிலிருந்து இறக்கினார்கள் என்று மட்டும் எண்ணி ஒப்பிட எவரும் துணிவதில்லை. வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் கூலியே பேசப்படுகிறது. பந்தயப் படகுக்கு இடப்படும் ரேட்டிங் என்னும் எண்ணும் அந்த வேலைப்பாட்டுக் கணக்கைப் போன்றதே. பெரிய, வேகமான படகுக்குக் கூடுதலான எண்ணும் சிறிய படகுக்குக் குறைவான எண்ணும் தரப்பட்டு, ஓடிய நேரம் அந்த எண்ணால் பெருக்கப்படுகிறது. 1.200 எண் பெற்ற படகு 60 மணி நேரத்தில் வந்தால் அதன் திருத்திய நேரம் 72 மணி, 1.000 எண் பெற்ற படகு 10 மணி நேரம் தாமதித்து 70 மணியில் வந்தாலும் வெற்றி அதனுடையது. இதனால், முதலில் வந்த படகின் மாலுமிகள் துறைமுகத்தில் கட்டிவிட்டு, பின்னால் வரும் சிறு படகு இன்னும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று காத்திருக்க நேர்கிறது.

அந்த எண்ணை யார் எப்படி இடுகிறார்கள் என்பதில்தான் பல தலைமுறைகளின் பூசல் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்து, பிரான்சு மன்றங்கள் சேர்ந்து நடத்தும் ஐ.ஆர்.சி. முறையில் படகின் நீளம், எடை, ஆழம், பாய்களின் பரப்பு முதலியன அளக்கப்பட்டாலும், அவற்றிலிருந்து எண்ணைப் பிறப்பிக்கும் வாய்ப்பாடு வெளியிடப்படுவதில்லை. வாய்ப்பாடு தெரிந்தால் அதன் ஓட்டைகளுக்கேற்பப் படகு கட்டுவார்கள் என்ற அச்சமே காரணம். முந்தைய விதிகளின் காலத்தில், கடலுக்காக அன்றி அளவுகோலுக்காக வடிவமைக்கப்பட்ட படகுகள் பல தோன்றியதை நோக்க, அந்த அச்சம் ஆதாரமற்றதும் அன்று. ஓ.ஆர்.சி. முறையோ தன் கணக்கைத் திறந்தே வைத்து, வெவ்வேறு காற்று வேகங்களிலும் கோணங்களிலும் ஒரு படகு எவ்வளவு விரைவாகச் செல்லக்கூடும் என்பதைக் கணிப்பொறியால் கணித்து எண் வழங்குகிறது. மறைப்பதைவிடத் திறந்து வைப்பதே மேல் என்று தோன்றினாலும், இரண்டு முறைகளுக்கும் உலகில் ஆதரவாளர் உண்டு.

எந்த எண்ணாயினும் வானிலையிடம் தோற்கும் நேரம் ஒன்று உண்டு. நல்ல காற்றில் பெரிய படகுகள் துறைமுகம் சேர்ந்த பின் காற்று ஓய்ந்துவிட்டால், நடுக்கடலில் அசையாமல் நிற்கும் சிறு படகுகளின் நேரம் வீணாகிறது. மாறாக, முன்னே சென்றவை காற்றற்ற பகுதியில் சிக்கிக் கிடக்க, பின்னாலிருந்து புதுக்காற்று எழுந்தால், சிறு படகுகள் அதைச் சுமந்துகொண்டு வந்து வெல்கின்றன. இக்குறையைக் களைய, 1906இல் தொடங்கிய அமெரிக்காவின் நியூபோர்ட்–பெர்முடா பந்தயம் அண்மைக் காலத்தில் ஒரு துணிச்சலான முறையைக் கையாண்டுள்ளது: புறப்படுவதற்கு முன் கிடைக்கும் வானிலை முன்னறிவிப்பை வைத்து, ஒவ்வொரு படகும் அந்தக் காற்றில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணித்து, அந்தந்தப் பந்தயத்துக்கென்றே தனி எண் வழங்குவது. முன்னறிவிப்பு பொய்த்தால் எண்ணும் பிசகும் என்பது உண்மைதான் என்றாலும், காற்று எப்போதும் சராசரியாகவே வீசும் என்று பாவிக்கும் பழைய கணக்கைவிட இது நேர்மையானது.

இதே கணிப்பு மாலுமியின் கைக்கு வரும்போது அது வழித்தேர்வு ஆகிறது. காற்றின் முன்னறிவிப்பையும் படகின் வேகப் பட்டியலையும் மென்பொருளில் இட்டால், எந்த வளைவில் சென்றால் விரைவில் சேரலாம் என்று அது வரைந்து காட்டும். குறித்த நேரத்துக்குள் படகு எட்டக்கூடிய புள்ளிகளை எல்லாத் திசைகளிலும் குறித்து இணைத்துச் சமநேரக் கோடு ஒன்று வரைந்து, அதிலிருந்து அடுத்த கோட்டை வரையும் இம்முறையை, அமெரிக்கக் கடற்படையின் நீர்வரைவு அலுவலகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜேம்ஸ் 1957இல் கப்பல்களுக்காக வெளியிட்டார். கொண்டலையும் கச்சானையும் வாடையையும் தோலில் உணர்ந்து, நீரோட்டத்தின் திசை பார்த்து வலை வீசும் சோழமண்டலக் கரை மீனவர் மனத்துக்குள் போடும் கணக்கும் ஏறத்தாழ இதுவேதான்.

அந்தக் கணக்கைக் கரையிலிருந்து வேறொருவர் போட்டுக் கொடுக்கலாமா என்பதே விதியின் கேள்வி. உலகப் பாய்மரப் பந்தய விதிகளில் 41ஆம் விதி, பந்தயத்தில் இருக்கும் படகு வெளியுதவி பெறக்கூடாது என்கிறது. எல்லாப் படகுகளுக்கும் தடையின்றிக் கிடைக்கும் தகவல் போன்ற சில விலக்குகளை மட்டும் அது அனுமதிக்கிறது. அதாவது, அரசு வானிலை மையங்கள் கட்டணமின்றி வெளியிடும் வரைபடத்தைப் பெறலாம். தனக்கென்று காசு கொடுத்து அமர்த்திய வானிலை அறிஞர் செயற்கைக்கோள் தொலைபேசியில் சொல்லும் வழியைக் கேட்கக்கூடாது. தனியாக உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயமும் கரையிலிருந்து வழிகாட்டுவதைத் தடுத்து, படகுக்குள் மாலுமியே மென்பொருளை இயக்கிக்கொள்ள விடுகிறது. பணபலம் இல்லாத அணிகளைக் காப்பதோடு, வானத்தைப் படிக்கும் அறிவு படகில் இருப்பவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதையும் இவ்விதி காக்கிறது. அந்த இரண்டாவது காரணமே பெரிது.

எண்ணே தேவைப்படாத வழியும் ஒன்று உண்டு. எல்லாரும் ஒரே வகைப் படகில் ஓடுவது. கண்ணமங்கலத்துக்கு வடக்கே உள்ள வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்ட ஐ.எல்.சி.ஏ. 7 பிரிவில் படகுகள் அச்சில் வார்த்தாற்போல ஒன்றுபோல் இருப்பதால், முதலில் வந்தவரே முதல்வர்.

1968-69இல் நடந்த முதல் கோல்டன் குளோப் பந்தயத்தை நினைவுகூர்ந்து 2018இல் மீண்டும் தொடங்கப்பட்ட பந்தயம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அன்று 312 நாட்களில் எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றி வந்த 'சுஹைலி', பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு. அதை மனத்தில் கொண்டு, 32 முதல் 36 அடி வரையிலான, 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட, அடியில் நீண்ட ஏரா (கீல்) ஓடும் படகுகளுக்கே புதிய பந்தயத்தில் இடம் தரப்பட்டது. செயற்கைக்கோள் வழிகாட்டி கூடாது. செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் சூரியனையும் விண்மீன்களையும் அளந்து காகித வரைபடத்தில் இருப்பிடம் குறிக்க வேண்டும். வானிலையை வானொலி ஒலிபரப்பில்தான் கேட்க வேண்டும். 2018 பந்தயத்தை 73 வயதில் வென்ற ழான்-லுக் வான் டென் ஹீடுக்கே, செயற்கைக்கோள் தொலைபேசியை விதிக்கு மாறாகப் பயன்படுத்தியதற்காக 18 மணி நேரம் தண்டமாக விதிக்கப்பட்டது.

அதே பந்தயத்தில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியின் அச்சில் கோவாவில் கட்டப்பட்ட 'துரியா'வில் சென்று, செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசிய புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் காயமுற்று, மூன்று நாள் கழித்து மீட்கப்பட்டார். 2022 செப்டம்பர் 4 அன்று அவர் 'பயானத்' என்னும் படகில் மீண்டும் புறப்பட்டார். 16 படகுகள் கிளம்பிய அப்பந்தயத்தில், நவம்பரில் ஃபின்லாந்தின் டாபியோ லெஹ்டினனின் படகு தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே மூழ்கியது. போட்டியாளருள் ஒருவரும் தென்னாப்பிரிக்கருமான கிர்ஸ்டன் நொய்ஷாஃபர் தன் வழியைக் கைவிட்டு, உயிர்மிதவையில் கிடந்த அவரைத் தேடிக் கண்டு மீட்டு, 'தரியா காயத்ரி' என்னும் சரக்குக் கப்பலில் ஏற்றினார். ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி அனைத்தும் செய்தாக வேண்டும் என்பது பந்தய விதிகளில் முதலாவது. அதன்படி செலவான நேரத்தை நடுவர்கள் நொய்ஷாஃபரின் கணக்கில் திருப்பித் தந்தார்கள். 2023 ஏப்ரல் 27 அன்று அவர் பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்தை முதலாவதாக அடைந்தார். இரு நாள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, 236 நாட்களாகக் கடலில் இருந்த அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.