மூன்று தலைமுறைக்கு அப்பால்

ஆடி அமாவாசை நாளிலே, எள்ளும் தருப்பையும் தண்ணீருமாய்த் தந்தைக்குக் கடன் தீர்க்கக் கீரிமலைக் கரையில் அமர்வோரிடம் குருக்கள் கேட்கும் பெயர்கள் மூன்று: தந்தை, பாட்டன், பூட்டன். முதற் பெயர் உடனே வரும். இரண்டாவதற்குச் சிறிது தயக்கம். மூன்றாவதற்குப் பக்கத்தில் நிற்கும் பெரியப்பாவின் முகத்தைப் பார்ப்போர் நம்முள் அநேகர். அதற்கும் அப்பால் ஒரு பெயர் வேண்டுமெனில் எவரைக் கேட்பது? வீட்டு ஞாபகம் அவ்வளவில் நின்றுவிடுகிறது. பின்னர்ப் பேச வேண்டியவை அரசாங்கத்தின் ஏடுகளே. அந்த அரசே இடிந்து வீழ்ந்துவிட்டால் ஏடுகளின் கதி என்ன என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம்.

யாழ்ப்பாணத்தார் வாயில் வழங்கும் ‘தோம்பு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது போர்த்துக்கேயச் சொல். காணி, குடி, இறை ஆகியவற்றை எழுதிவைக்கும் பதிவேடு என்பது பொருள். லிஸ்பன் நகரத்துக் கோட்டையின் கோபுரமொன்றில் அந்நாட்டு அரசர் தம் ஏடுகளைப் பதினான்காம் நூற்றாண்டு முதல் வைத்துக் காத்தனர். அதற்குத் ‘தோம்புக் கோபுரம்’ என்றே பெயர். 1755 நவம்பர் முதலாந் திகதி உண்டான பெரும் பூகம்பத்தில் நகரம் பாழாயிற்று, கோபுரமும் சரிந்தது. அப்போது ஏட்டுக் காவலராயிருந்தவர் மனுவேல் த மாயா என்னும் பொறியியலாளர். எண்பதை அடுத்த கிழவர். அவர் இடிபாட்டுக்குள்ளிருந்து ஏடுகளை எடுப்பித்து, மரக்கொட்டகையொன்றில் அடுக்கிக் காத்து, 1757இல் ஒரு மடத்துக்கு மாற்றுவித்தார். ஊரார் உணவுக்கும் உறைவிடத்துக்கும் அலைந்த வேளையில் ஒருவர் பழங்கடதாசியைக் கட்டிக்கொண்டிருந்தார் என்றால் நகைப்பாரும் இருந்திருப்பர். ஆனால் தரைமட்டமான நகரில் எந்த மனை எவருடையது என்ற வழக்கு எழுமன்றோ?

நம் நாட்டில் கதை சற்று வேறு. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. சங்கிலி மன்னன் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். நகுலேசர் கோயில் முதலிய ஆலயங்கள் இடிக்கப்பட்டன. கோயிலை இடித்த அதே ஆட்சி, ஊர் ஊராகக் காணியையும் குடியையும் எழுதத் தொடங்கிற்று. நம்மீது கொண்ட அன்பினாலன்று, வரி தண்டுதற்பொருட்டு. ஆயினும், வீழ்ந்த அரசின் நிருவாகம் எவ்வாறு இருந்தது என்பதை நாம் இன்று ஓரளவேனும் அறிவது வென்றவன் எழுதிவைத்த கணக்கினாலேயே. அந்த ஆவணங்களைக் கொண்டு போல் பீரிஸ் என்னும் அறிஞர் 1920இல் யாழ்ப்பாண இராச்சியம் பற்றி ஒரு நூலே செய்தார்.

1658இல் வந்த ஒல்லாந்தர் இன்னும் விரிவாக எழுதினர். காணித் தோம்பு, தலைத் தோம்பு, பள்ளிக்கூடத் தோம்பு எனப் பல. பள்ளிக்கூடத் தோம்பிலே சட்டம்பியார் ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைப் பதிந்துவந்தார். அதிற் பதியாதவனுக்கு உத்தியோகமும் உரிமையும் கிட்டுவது அரிது. ஆகவே எம் முன்னோர் பலர் கடதாசியிலே கிறித்தவராகவும் அகத்திலே சைவராகவும் வாழ்ந்தனர். ஏடு சொல்வதெல்லாம் மெய்யென்று கொள்வார் இதனையும் நினைவிற் கொள்க!

நிற்க. ஒல்லாந்தர் செய்வித்த வேறிரண்டு காரியங்களையும் மறத்தற்கில்லை. நெடுங்காலம் இங்கு வாழ்ந்த கிளாஸ் ஈசாக் என்னும் திசாவை, குடிகளின் வழக்கங்களைத் தொகுத்தெழுத, அதனைத் தமிழில் பெயர்த்துப் பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டனர். இதுவே 1707இன் தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சி மறைந்தும் அது மறையவில்லை. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். இன்றும் சீதனக் காணி வழக்கிலே நீதிமன்றம் அதனைப் புரட்டுகிறது. மற்றது, மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளால் இயற்றியதாகச் சொல்லப்படும் யாழ்ப்பாண வைபவமாலை. குதிரைமுகம் நீங்கக் கீரிமலையில் நீராடிய மாருதப்புரவீகவல்லியின் கதை அந்நூலிலும் உண்டு.

ஒல்லாந்தர் காலத்து ஏடுகள் ஏறத்தாழ 7000 தொகுதிகள் இப்போது கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அதற்குக் காவல். ஆட்சிகள் மாறியும் அவை பிழைத்தமைக்குக் காரணம், அடுத்து வந்தவனுக்கும் அவை தேவைப்பட்டமையே என்பது எமது துணிபு. எவருக்கும் வரிக்கணக்கு உதவாத சுவடிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 வரையிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. வைபவமாலையின் கையெழுத்துப் பிரதியொன்றும் அவற்றுள் அடங்குமென்பர். நூல் அழியவில்லை, முன்னரே அச்சேறிப் பல வீடுகளிற் கிடந்தது. அச்சேறாத ஓலைகளில் என்ன இருந்ததென்று இனிச் சொல்வார் யார்?

இத்தகைய நாளை எதிர்பார்த்தே ஒரு காரியம் செய்த அரசாங்கம் ஜெர்மனியுடையது. பிரைபூர்க் நகருக்கு அண்மையில், கைவிடப்பட்ட சுரங்கமொன்றிலே, நாட்டின் முக்கிய ஆவணங்களை நுண்படச் சுருள்களாக்கி, காற்றுப் புகாத எஃகுப் பீப்பாய்களில் அடைத்து 1975 முதல் வைத்துவருகிறார்கள். ஐந்நூறு ஆண்டு நிலைக்குமென்பது அவர்கள் கணக்கு. படிப்பதற்கு யந்திரம் வேண்டாம். வெளிச்சமும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். மின்சாரமும் கணினியும் இல்லாத சந்ததி வந்தாலும் வாசிக்கட்டும் என்ற முன்யோசனை மெச்சத்தக்கது. மூலம் ஓரிடம், பிரதி வேறிடம் என்பதே அதன் சூட்சுமம்.

அச்சூட்சுமத்தைக் கீரிமலையார் பெருவிலை கொடுத்து அறிந்தனர். 1990இல் யுத்தத்தால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு எழுந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் நகுலேசர் கோயிலும் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. உடுத்த உடையோடு புறப்பட்ட குடும்பங்களுள், பெட்டகத்து உறுதியை எடுத்தோர் சிலர், எடுக்க இயலாதோர் பலர். எடுத்தோரிலும் இடம்விட்டு இடம் பெயர்ந்த அலைச்சலில் அதனைப் பறிகொடுத்தோர் உண்டு. இருபதாண்டும் அதற்கு மேலும் கழிந்து, நிலம் பகுதி பகுதியாக விடப்பட்டபோது, திரும்பியோர் கண்டது பற்றைக்காடு. வீடில்லை, வேலியில்லை, எல்லை காட்டிய பனையுமில்லை. கிணறொன்றே அடையாளமாய் நின்ற வளவுகளும் உண்டு.

இவ்விடத்திலே உதவுவது நம் நொத்தாரிசு முறை. உறுதியின் மூலம் உரியவர் கைக்குப் போக, ஒரு படி நொத்தாரிசிடம் தங்குகிறது. இன்னொன்று காணிக் கந்தோருக்கு அனுப்பப்படுகிறது. ஆகவே கையிலிருந்ததை இழந்தவர் கந்தோரில் விண்ணப்பித்துச் சான்றுபடுத்திய பிரதி பெறலாம், அங்குள்ள படி பிழைத்திருக்குமாயின். அதற்குக் காணியின் பெயரும், எழுதிய நொத்தாரிசின் பெயரும், உறுதி இலக்கமும் ஆண்டும் தெரிந்திருத்தல் நன்று. உறுதியிலே ‘இத்தனை பரப்பு’ என்பதுடன் ‘இத்தனை லாச்சம் வரகு’ என்ற பழைய அளவும், நாற்புறத்துக் காணிக்காரரின் பெயரும் கண்டிருக்கும். பக்கத்து வளவாரின் உறுதியில் நம் பாட்டனாரின் பெயர் எல்லையாக நிற்பதும் இயல்பு. தமது உறுதி முற்றாக அழிந்தவர்கள் முதலில் தேடவேண்டியது அதனையே. ஊருக்குத் திரும்பாத அயலவர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பின், அவர்கள் பெட்டியிலுள்ள உறுதிக்கு ஒரு படம் பிடித்தனுப்பும்படி இப்போதே எழுதிக் கேட்கலாம்.